தேய்ந்த பல்லின் சாட்சி

“பல்லுப் போனால் சொல்லுப் போச்சு” என்பது நம் முதியோர் வாக்கு. பல்லிழந்தவர் பேச்சுத் தெளிவாய் வெளிவராது என்பது அதன் பொருள். இப்பழமொழியை நாமும் இளமை முதற் கேட்டு வந்தோம். ஆயினும் பல்லுக்கென்றே தனியாக ஒரு சொல் உண்டு என்பதும், உடையவர் மாண்டு இலட்சக்கணக்கான ஆண்டுகள் கடந்த பின்னும் அச்சொல் அழியாது நிற்கும் என்பதும் நெடுநாள் வரை நமக்குத் தெரியா. அதனை நமக்கு முதலில் உணர்த்தியது ஒரு குரங்கின் மண்டையோடு. உணர்ந்த பின் நம்மைத் தலைகுனியச் செய்தது நமது பாட்டியாரின் வாய். இவ்விரண்டினையும் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். செக்ரோல் புத்தகமும், குலைக் கணக்கும், உரக் கணக்குமே நமது அன்றாட உலகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், காலைப் பிரட்டு முடிந்த பின்னர், காட்டோரத்து நிரைக்குக் குலை வெட்டச் சென்ற ஆட்களுள் ஒருவர் சிறு மண்டையோடு ஒன்றை எடுத்து வந்து ஆபீசு வாயிற்படியில் வைத்தார். கூடியிருந்தோரிற் சிலர் அஞ்சி ஒதுங்கினர். மண்டோர் மட்டும் அருகில் வந்து குனிந்து பார்த்து, “கிராணி ஐயா, இது குரங்குத் தலை. நம் பழத்தைத் திருடித் தின்று கொழுத்த பயல்தான். தூக்கி எறியுங்கள்” என்றார்.

எறிய நமக்கு மனம் வரவில்லை. மங்கிய எழுத்துக்களைப் படிப்பதற்காக மேசையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அதன் பற்களைப் பார்த்தோம். கோரைப்பற்கள் நீண்டிருந்தன. ஒவ்வொரு கடைவாய்ப்பல்லிலும் குறுக்கே இரண்டு முகடுகள், வயலின் வரப்புப் போல எழுந்திருந்தன. முகடுகளின் நுனிகள் தேய்ந்து, வெண்மையான மேற்பூச்சின் நடுவே உள்ளிருக்கும் மஞ்சட் பகுதி சிறு சிறு வட்டங்களாகத் தெரிந்தது. இப்பிராணி எதைத் தின்று இப்படித் தேய்ந்தது? மண்டோரிடம் விடை ஆயத்தமாக இருந்தது. ஆங்கிலப் பள்ளியிற் படித்தவரென்று பெயர் எடுத்த நம்மிடமும் அதனினும் நல்ல விடை இல்லை. மாலையில் அந்த மண்டையோட்டை ஒரு மரத்தடியிற் புதைத்து விட்டோம். கேள்வியைப் புதைக்க முடியவில்லை. அன்று முதல் இரவில் ஓய்ந்த நேரங்களில் ஆங்கில நூல்களையும் கட்டுரைகளையும் தேடிப் படிக்கலானோம். அவ்வாறு அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம்.

பல்லின் வடிவம் வேறு; பல்லின் தேய்வு வேறு. இவ்வேற்றுமையை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். நம் தோட்டத்து அரிவாள் இரண்டினை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே வடிவில் அடிக்கப்பட்டவை. ஒன்று மட்டையும் குலையும் வெட்டியது. மற்றொன்று கல்லிலும் மண்ணிலும் மோதியது. அரிவாளின் வளைவைப் பார்த்தால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று சொல்லலாம். விளிம்பின் முறிவையும் கீறலையும் பார்த்தால்தான் அது உண்மையில் என்ன வேலை செய்தது என்று சொல்ல முடியும். பல்லும் அவ்வாறே. கூரிய முகடுகள் இலையைக் கத்தரிக்க ஏற்றவை. தட்டையாய்த் தடித்த பற்கள் கொட்டையை நொறுக்க ஏற்றவை. அவ்வளவு தூரம் வடிவம் சொல்லும். ஆனால் ‘செய்யக் கூடியது’ எல்லாம் ‘செய்தது’ ஆகிவிடுமா? ஆகாது.

செய்ததைச் சொல்வது தேய்வு. நம் உடம்பில் உள்ள பொருள்கள் எல்லாவற்றிலும் கடினமானது பல்லின் மேற்பூச்சாகிய எனாமல். எலும்பு முறிந்தாற் கூடும். தோல் கிழிந்தால் வளரும். எனாமலோ ஒரு முறை அமைந்த பின் மீண்டும் வளர்வதில்லை. ஆதலால் அதன்மேல் விழுந்த வடு, அவ்விடம் தேய்ந்து மறையும் வரையில், விழுந்தபடியே நிற்கிறது. கடினமான விதையைக் கடித்து நொறுக்கும்போது எனாமலில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. நார் மிகுந்த இலையையோ புல்லையோ மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று உரசிக் கத்தரிக்கும்போது, ஒரே திசையில் ஓடும் கீறல்கள் விழுகின்றன. இவை வெறுங் கண்ணுக்கும் புலப்படா. நம் மேசைப் பூதக்கண்ணாடிக்கும் புலப்படா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறு செய்து, அக்கூறுகளால் அளக்க வேண்டிய நுண்மை இவற்றுக்கு உண்டு.

இதனை ஆராய்வோர் மூலப் பல்லையே எடுத்துச் செல்வதில்லை. பல்லைத் துப்புரவாக்கி, பல் வைத்தியர் நம் வாயில் அச்செடுப்பது போலச் சிலிகான் பசையால் அச்செடுத்து, அவ்வச்சில் பிசின் வார்த்துப் படியெடுத்துக் கொள்கிறார்கள். அப்படியிலே மூலத்தில் உள்ள நுண்ணிய கீறலும் தப்பாமற் பதிந்திருக்கும். பிறகு அதனை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். 1978ஆம் ஆண்டில் ஆலன் வாக்கர் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியில் ஹைராக்ஸ் என்னும் முயலளவான பிராணிகள் இரண்டு வகையின் பற்களை ஒப்பிட்டனர். இரண்டு வகையும் ஒரே பாறைக் குன்றுகளில் வாழ்பவை. ஒரு வகை மழைக்காலத்தில் புல் மேயும். மற்றொன்று செடிகொடிகளின் இலையைத் தின்னும். மேய்வதன் பல்லில் மழைக்காலத்தில் கீறல் மிகுந்திருந்தது. புல்லை விட்டு இலைக்கு மாறும் கோடையில் அக்கீறல் மறைந்தது. உணவு மாறினாற் பல்லின் எழுத்தும் மாறுகிறது என்பது அன்று தெளிவாயிற்று.

முதலில் கண்ணாற் பார்த்துக் குழியையும் கீறலையும் எண்ணி வந்தார்கள். ஒருவர் எண்ணிய கணக்கும் மற்றொருவர் எண்ணிய கணக்கும் ஒவ்வாமற் போவது உண்டு. கணக்கெழுதும் தொழிலில் இருக்கும் நமக்கு இத்தொல்லை நன்கு விளங்கும். 2005ஆம் ஆண்டு முதல், பல்லின் பரப்பை ஒளியால் அளந்து, மேடு பள்ளங்களைக் கணிதத்தால் மதிப்பிடும் முறை வழக்கத்துக்கு வந்தது. இம்முறையிற் பார்க்கும்போது, தென்னமெரிக்கக் காடுகளில் கொட்டை உடைத்துத் தின்னும் கப்புச்சின் குரங்கின் பல் குண்டுங்குழியுமான செம்மண் சடக்குப் போலவும், இலையுண்ணும் ஊளைக்குரங்கின் பல் உழுத வயல்போல ஒரே திசைக் கோடுகளாகவும் தோன்றுகின்றனவாம். ஒப்பிடுவதற்காக ஆராய்ச்சிக்காரர் எடுத்துக்கொண்ட இலையுண்ணிகளுள் நம் நாட்டு லோத்தோங்கின் இனமும் ஒன்று என்று படித்தபோது நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. கோலசிலாங்கூர் மெலாவாத்திக் குன்றில், பொன்னிறக் குட்டியை மார்பில் அணைத்தபடி பார்ப்போர் கையை எதிர்நோக்கி உட்கார்ந்திருக்கும் அச்சாம்பற் குரங்குகளை நம் நேயர் பலரும் கண்டிருப்பீர்கள். மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் கெத்தாம்பே காட்டில், பீட்டர் அங்கர் என்னும் அறிஞர் நீள்வாற் குரங்கும், தாமசு இலைக்குரங்கும், ஊங்காவும், ஓராங் ஊத்தானும் முன்பற்களை எவ்விதம் பயன்படுத்துகின்றன என்று நேரில் இருந்து பார்த்து எழுதினார். எனவே இது எங்கோ தூர தேசத்துச் செய்தியன்று. நம் அண்டை அயலில் நடந்ததே.

நிற்க. இம்முறையால் விளைந்த பெரும்பயன் ஒன்றைக் கூறுவோம். 1959ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் தேதி, கிழக்காப்பிரிக்காவில் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில், மேரி லீக்கி என்னும் அம்மையார் பூமியிற் புதைந்திருந்த ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அது பதினேழரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, மனிதர்க்கு உறவான ஓர் இனத்தது. அதன் கடைவாய்ப்பற்கள் நம் பற்களைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையவை. எனாமலோ மிகத் தடித்தது. தாடையை அசைக்கும் தசைகள் பற்றி நிற்பதற்காக உச்சந்தலையில் எலும்பு வரப்புப் போல எழும்பியிருந்தது. இவ்வளவையும் கண்டவுடன் உலகம் அதற்கு ஒரு பட்டப்பெயர் சூட்டிவிட்டது: ‘கொட்டையுடைக்கும் மனிதன்’. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அப்பெயரே வழங்கிற்று. அவ்வாயைப் பார்த்தோர் பலர்க்கும் ஐயம் எழவில்லை.

2008ஆம் ஆண்டில், அவ்வினத்தைச் சேர்ந்த ஏழு பேரின் கடைவாய்ப்பற்களில் எஞ்சியிருந்த தேய்வை நுட்பமாக அளந்தனர். கொட்டையுடைப்போர் பல்லில் இருக்க வேண்டிய ஆழ்ந்த குழிகள் எங்கே? ஒருவர் பல்லிலும் இல்லை! மெல்லிய கீறல்களே இருந்தன. பிறகு 2011ஆம் ஆண்டில் வேறொரு சாட்சியும் வந்தது. கரியணுக்களில் கனம் சற்றுக் கூடிய வகை ஒன்றுண்டு. வெப்ப நாட்டுப் புற்களும் கோரைகளும் மரஞ்செடிகளைவிட அதனை மிகுதியாகத் தம்முட் கொள்ளும். அவற்றைத் தின்றவர் எனாமலிலும் அது மிகுந்திருக்கும். கென்யாவிற் கிடைத்த 22 பேரின் பற்களை இவ்வாறு சோதித்தபோது, அவர்கள் உணவில் சராசரி நூற்றுக்கு 77 பங்கு புல், கோரை வகையைச் சார்ந்தது என்று தெரிய வந்தது. கொட்டையுடைப்பது அவர்கள் அன்றாடத் தொழிலன்று. தோற்றத்தைக் கண்டு சூட்டிய பெயரைத் தேய்வு பொய்யாக்கிற்று.

இன்னும் ஒன்று. பிராணிகளின் பல் எப்போதும் அவை விரும்பி உண்ணும் உணவுக்கென அமைந்ததன்று. கொரில்லாவின் பல் இலையைக் கத்தரிக்க ஏற்றது. ஆயினும் தாழ்நிலக் காட்டுக் கொரில்லாக்கள் பழம் கிடைக்கும் காலத்தில் பழத்தையே நாடிச் செல்லும். உகாண்டா நாட்டுக் கிபாலேக் காட்டில் உள்ள மங்கபே என்னும் குரங்கின் பல் தடித்துத் தட்டையானது. ஆயினும் பழம் மிகுந்த காலத்தில் அது மென்பழமே தின்னும். பழம் அற்ற காலத்திலேதான் மரப்பட்டையையும் கடின விதைகளையும் கடிக்கும். அதாவது, அப்பல் நல்ல நாளுக்கு அமைந்ததன்று; பஞ்ச நாளுக்கு அமைந்தது. இதனைப் படித்த இரவில் நாம் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

நம் மண்டோரின் தீர்ப்பையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுதல் முறையன்று. பேராக் மாநிலத்துச் சிகாரிக் காட்டை அடுத்த செம்பனைத் தோட்டங்களில் புகும் பெரூக் குரங்குகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவை தோட்டத்துப் பழத்தைத் தின்கின்றன என்பது மெய்யே. ஆனால் அதனால் வரும் நட்டம் விளைச்சலில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. எலிகளால் வரும் நட்டமோ நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருக்கும். அவ்வெலிகளைப் பிடித்துத் தின்பவை இக்குரங்குகளே. ஒரு கூட்டம் ஓராண்டில் சுமார் 3,000 எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இக்கணக்கை மண்டோரிடம் காட்டினோம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, “அப்படியானால் அந்தப் பயல் நம் ஆள்தானா?” என்று கேட்டார். திருடன் என்று நாம் ஏசியவன் நமக்குக் காவற்காரனாகவும் இருந்திருக்கிறான்.

இனி நமது பாட்டியார் கதைக்கு வருவோம்.

பாட்டியார் 1939ஆம் ஆண்டிற் பிறந்தவர். பால்மரத் தோட்டத்து லயத்திலே வளர்ந்து, பன்னிரண்டாம் வயதில் தம் தாயாருடன் வெட்டுக்காட்டுக்குப் போனவர். நமக்கு அறிவு தெரிந்த நாள் முதல் அவர் வாய் சிவந்தே இருக்கும். பற்கள் கறுத்து, தேய்ந்து, சில விழுந்தும் போயின. அடுப்புக்கரியாலும் செங்கற்பொடியாலும் பல் துலக்கும் வழக்கத்தை அவர் கைவிட்டதில்லை. வெற்றிலைப் பெட்டியும் சிறு இடியுரலும் அவர் மடியை விட்டு நீங்கா.

நாமோ ஆங்கில வழியிற் படித்தவர். வெற்றிலையின் தீமையைப் பற்றிப் பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அத்தீமையை விட, நம் நண்பர் வீட்டுக்கு வரும்போது பாட்டியார் வாயைத் திறந்து சிரிப்பதே நமக்குப் பெருந் தீமையாகத் தோன்றிற்று. பதினெட்டு வயதில் ஒரு நாள், பட்டணத்து நண்பர் இருவர் வருவதாக இருந்தது. அவர்கள் வருமுன் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியையும் இடியுரலையும் எடுத்துக் கொண்டுபோய் லயத்துக்குப் பின்னால் ஓடும் பெரிய வாய்க்காலில் எறிந்தோம். எறிந்ததோடு நில்லாமல், “உங்கள் வாயைப் பார்த்தாலே தெரிகிறது பாட்டி, அறியாமை” என்றும் சொன்னோம். அவர் நம்மை வையவில்லை. அன்றெல்லாம் வாயைத் துணியால் மூடிக்கொண்டு அடுக்களையிலேயே இருந்தார். மறுநாள் பழைய பத்திரிகைத் தாளில் வெற்றிலையை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டிருந்ததைக் கண்டோம். நாம் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அதன் பின் பல்லாண்டுகள் அவர் நம் எதிரில் வாய் திறந்து சிரித்ததாக நினைவில்லை.

2016ஆம் ஆண்டில் பாட்டியாருக்கு உணவு மெல்லுதல் அரிதாயிற்று. பட்டணத்துப் பல் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. எஞ்சிய பற்களைப் பார்த்துக் கட்டுப்பல் செய்வதாகச் சொல்லி அச்செடுத்தார். நாம், கேளாமலே, “எல்லாம் வெற்றிலைப் பழக்கம், டாக்டர்” என்றோம். அவர் சிறு கண்ணாடியைக் கீழ்க் கோரைப்பல்லின் அருகே பிடித்து, “கறையும் தேய்வும் வெற்றிலை பாக்கினால் வந்தவை, அது மெய். இதைப் பாருங்கள், இது வெற்றிலையால் வந்ததன்று” என்றார். தேய்ந்த நுனிக்குக் கீழே, ஈறை நோக்கிய பகுதியில், பல்லின் குறுக்கே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மெல்லிய பள்ளக் கோடுகள் ஓடின. பக்கத்துப் பல்லிலும் அதே உயரத்தில் ஒன்று தெரிந்தது.

வைத்தியர் விளக்கினார். நிலையான கோரைப்பல்லின் எனாமல், குழந்தை பிறந்த சில மாதங்களில் தாடைக்குள்ளே உருவாகத் தொடங்கி, ஆறேழு வயது வரையில் சிறிது சிறிதாகப் படியும். அக்காலத்திற் கடும் பசியோ கொடிய காய்ச்சலோ குழந்தையை வாட்டினால், எனாமல் படிவது தடைப்படும். தடைப்பட்ட இடம் பள்ளக் கோடாக நின்றுவிடும். பசி நீங்கினும் கோடு நீங்காது. பசியா, காய்ச்சலா என்று பல் பிரித்துச் சொல்லாது. ஒரு துன்பம் நேர்ந்தது என்று மட்டும் சொல்லும். “பாட்டி எந்த ஆண்டு பிறந்தவர்?” என்று கேட்டார். சொன்னோம். அவர் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, பாட்டியாரை நோக்கி மலாய் மொழியில், “நேனேக், ஜப்பான் காலத்தில் நீங்கள் சிறு பிள்ளையா?” என்று மெல்லக் கேட்டார். பாட்டியார் தலையை மட்டும் அசைத்தார்.

ஜப்பானியர் மலாயாவில் இறங்கியது 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அவர் ஆட்சி முடிந்தது 1945ஆம் ஆண்டு. பாட்டியாருக்கு அப்போது இரண்டு வயது முதல் ஆறு வயது வரை. நாம் பிறந்த நாள் முதல் பார்த்து வந்த வாயில் அந்நாலாண்டுகளும் எழுதப்பட்டிருந்தன. அதைப் படிக்க நமக்குத் தெரியவில்லை. படித்துவிட்டதாக எண்ணித் தீர்ப்பு மட்டும் சொல்லியிருந்தோம்.

திரும்பி வரும் வழியில், காரில், பாட்டியார் தாமாகவே பேசினார். அவர் பேசியதை ஏறக்குறைய அவர் சொன்னபடியே தருகிறோம். “எங்கப்பனைச் சயாமுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள் ராசா. திரும்பி வரவே இல்லை. அரிசியைக் கண்ணால் பார்த்த ஞாபகமே இல்லை. மரவள்ளிக் கிழங்குதான், அதுவும் எல்லா நாளும் இல்லை. ஆத்தா தனக்குப் பசியில்லை என்று சொல்லி எங்களுக்குப் பங்கு வைப்பாள். என் தம்பி போய்விட்டான். அப்புறம் நான் வெட்டுக்குப் போன காலத்திலே, இருட்டோடு காட்டுக்குப் போனால் பாலெடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு வர மத்தியானம் ஆகும். வெற்றிலை போட்டால் பசி தெரியாது என்று ஆத்தாதான் எனக்குக் கொடுத்துப் பழக்கினாள். அவளிடம் வேறென்ன இருந்தது கொடுக்க?”

நாம் காரை ஓரமாக நிறுத்தினோம். வாய்க்காலில் எறிந்த பெட்டி அவருடைய தாயாருடையது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். மன்னிப்புக் கேட்டோம். “சின்னப் பிள்ளை செய்தது, அதற்கென்ன” என்றார். பிறகு நம்மைப் பார்த்துச் சிரித்தார், வாயை மூடிக்கொள்ளவில்லை.

இத்தகைய கோடுகள் குரங்கினத்திலும் உண்டு. ஓராங் ஊத்தானின் பற்களில் அவை மிகுதியாகக் காணப்படுகின்றன. போர்னியோ, சுமத்திராக் காடுகளில் பழம் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. சில காலம் கொட்டிக் கிடக்கும், சில காலம் அறவே அற்றுப் போகும். அப்போது அவை இலையையும் மரப்பட்டையையும் தின்று உயிர் பிழைக்கும். 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஓராங் ஊத்தான் குட்டிகளின் பற்களில் படிந்த பேரியம் என்னும் உலோகத்தை அளந்தார்கள். தாய்ப்பால் மிகுதியாகக் குடித்த காலத்தில் அது மிகும்; பால் குறைந்த காலத்தில் அதுவும் குறையும். ஒரு குட்டி எட்டு வயதுக்கு மேலும் பால் குடித்திருக்கிறது. அதுவும் தொடர்ந்து ஒரே அளவாக அன்று. குறைந்தும் கூடியும், அலைபோல. பழம் அருகிய காலத்திலே குட்டி மீண்டும் தாயின் மார்பை நாடியது என்று அறிஞர்கள் இதனைக் கொள்கிறார்கள். இதனைப் படித்தபோது, பசியில்லை என்று சொல்லிப் பங்கு வைத்த அந்தப் பெரிய பாட்டியாரின் நினைவு நமக்கு வந்தது.

இதனால் வெற்றிலை பாக்கிற்கு நாம் பரிந்து பேசுவதாக எவரும் எண்ணற்க. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004ஆம் ஆண்டிலேயே தீர்த்துக் கூறியிருக்கிறது. தீங்கு தீங்கே. நம் பிள்ளைகள் அப்பழக்கத்தை அறியாது வளர்வதே நன்று. நாம் சொல்ல வந்தது வேறு. ஒரு பழக்கத்தைக் கண்டிக்கும்போது, அது எந்தப் பசிக்கு விடையாக வந்தது என்பதையும் அறிந்து கண்டிக்க வேண்டும். அறியாமை என்று நாம் ஏசியது உண்மையில் நம் அறியாமையே.

பல்லின் சாட்சிக்கும் எல்லை உண்டு. மேற்பரப்பில் உள்ள நுண்கீறல்கள் சில நாட்களிலேயே புதுக் கீறல்களால் அழிந்து மாறிவிடும். ஆகவே அவை பிராணி கடைசியாக உண்ட சில நாளைய உணவை மாத்திரமே சொல்லும். காற்றில் வரும் புழுதியும், உணவோடு ஒட்டிய மணலும் எனாமலைத் தேய்க்கும். அவற்றின் பங்கு எவ்வளவு, உணவின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பாட்டியாரின் பல்லை மட்டும் எடுத்து நுண்பெருக்கியின்கீழ் வைத்திருந்தால், ‘இவர் கடினமான கொட்டை தின்றவர்’ என்று எழுதியிருக்கலாம். பாக்கைக் கடித்தவர் என்ற அளவில் அது மெய். ஆனால் ஏன் கடித்தார் என்பதை எந்த நுண்பெருக்கி காட்டும்? அதற்கு அவர் வாய் திறந்து பேச வேண்டியிருந்தது. அவர் பேசுவதற்கு நாம் கேட்க வேண்டியிருந்தது.

பாட்டியார் 2018ஆம் ஆண்டில் காலமானார். கட்டுப்பல்லை அவர் இரண்டு நாள் அணிந்து பார்த்துவிட்டு, “இது என் வாயில்லை” என்று கழற்றி வைத்துவிட்டார். அதனைச் செய்வதற்காக வார்த்த வெண்சுண்ண அச்சினை வைத்தியரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தோம். அது இன்றும் நமது ஆபீசு மேசை இழுப்பறையில், பழைய செக்ரோல் புத்தகங்களின் பக்கத்தில் இருக்கிறது. கீழ்க் கோரைப்பல்லின்மீது நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் மூன்று இடத்தில் தட்டும்.

நேயர்களே! மாண்டு மண்ணானவர் பல்லிலிருந்து அவர் உண்டதைக் கண்டறியத் தேர்ந்த அறிஞரும், விலையுயர்ந்த கருவியும், ஆண்டுக்கணக்கான உழைப்பும் வேண்டும். உயிரோடிருப்பவரிடம் கேட்க ஒரு பாயும் சிறிது பொறுமையும் போதும். உங்கள் வீட்டிலும் பல் தேய்ந்த ஒருவர் இருப்பார். இன்றிரவு அவரருகில் அமர்ந்து, சிறு பிராயத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். நாம் நாற்பத்தெட்டு மைல் தூரக் கார்ப் பயணத்தில் ஒரே ஒரு முறை கேட்டோம். இன்னும் முன்னரே கேட்டிருக்கலாம்.